சீற் எங்கே தம்பி?

10 பெப்ரவரி 2024, கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்

கால் ஊன்றாமல் தடைகளில் ஏறி இறங்குகிற ரயல்ஸ் சைக்கிள் ஓட யாழ்ப்பாணத்தில் இடமே கிடையாது. வெளிநாட்டில் மரக்குற்றியும் பாறையும் அடுக்கி இதற்கென்றே மைதானம் வைத்திருக்கிறார்கள். இங்கே ரோட்டும் மதிலும்தான். அதோடு எனக்கொரு சந்தேகம்: இது விளையாட்டா, சர்க்கஸா? ஓடுகிறவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

11 பெப்ரவரி

நான் ஓடுகிறேன். பதினொரு வருடம் ஆகிறது. பகலில் சுன்னாகம் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை, பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு சைக்கிள்.

இடம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோட்டும் மதிலும் போதும். இந்த விளையாட்டு மைதானத்தில் பிறந்ததும் இல்லை. ஸ்பெயினில், கத்தலோனியாப் பக்கம், மோட்டார் சைக்கிள் ரயல்ஸ் பெரிய விஷயம். மொன்ரேசா கம்பனிக்காக ஓடிய பெரே பீ என்பவர் தன் மகன் ஒட் பீயைச் சின்ன வயதிலேயே சைக்கிளில் ஏற்றி, அதே கல்லிலும் பாறையிலும் பழக்கினார். மகன் பிறகு உலக சாம்பியன். அங்கே இதற்கு வைத்த பெயர் 'ட்ரியால்சின்'. 'சின்' என்றால் ஸ்பானிஷில் 'இல்லாமல்'. எஞ்சின் இல்லாத ரயல்ஸ், அவ்வளவுதான்.

சட்டமும் சின்னது. குறித்த பாதையில் உள்ள தடைகளைக் கடக்க வேண்டும், கால் நிலத்தில் படக் கூடாது. பழைய முறையில் ஒரு தரம் கால் பட்டால் ஒரு குற்றப்புள்ளி, ஐந்து சேர்ந்தால் அந்தப் பகுதி போச்சு. இப்போது உலகப் போட்டிகளில் ஒரு பகுதிக்குள் கடக்க வேண்டிய ஆறு வாசல் வைத்து, வாசலுக்கு 10 புள்ளி என்று கூட்டிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். பிழையை எண்ணிப் பழகியவனுக்குக் கூட்டல் கணக்கு ருசிக்காது.

இனி இடம். வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருந்து விடுபட்ட காணிகளில் கூரை போய் நிற்கும் வீடுகளைப் பாருங்கள். படி, திண்ணை, பாதி உடைந்த சுவர், கிணற்றுக்கட்டு. ஒருவருக்கும் தொந்தரவு இல்லை, ஒருவரும் வந்து கேட்கவும் மாட்டார்கள். இதைவிட நல்ல மைதானத்தை எந்த ஊரிலும் கட்ட முடியாது.

சர்க்கஸா என்றால், சர்க்கஸில் கீழே வலை கட்டுவார்கள். பார்க்கிறவர்களிடம் காசும் வாங்குவார்கள்.

11 பெப்ரவரி, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ரயல்ஸ் சைக்கிளில் சீற் இல்லை. கழற்றி வைத்ததல்ல, பூட்டவே இடம் கிடையாது. எழும்பி நின்றபடிதான் ஓடுவது. சீற் இருந்தால் குந்தித் துள்ளும்போது தொடையில் இடிக்கும். இதைப் பதினொரு வருடமாக நாளுக்கு இரண்டு பேருக்காவது விளங்கப்படுத்துகிறேன். "சீற் எங்கை தம்பி, களவு போட்டுதோ?" இப்போதெல்லாம் ஓம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

14 பெப்ரவரி

ரயல்ஸ் என்றால் வழக்கோ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பகிடியாகத்தான் கேட்டிருப்பார். என் பெரியம்மா பகிடியாகக் கேட்கவில்லை. "பெடியனுக்கு ரயல்ஸ்" என்று அம்மா ரெலிபோனில் சொன்னதை அரைகுறையாகக் கேட்டு, அடுத்த நாளே நல்லூரில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டார். பிறகு என்னிடம் மெதுவாக, "பிணை கிடைச்சிட்டுதோ?"

மதில் உயரம் கேட்டவருக்கு: நாள் முழுக்கச் சீமெந்துக் கல் விற்கிறவன் நான். ஒரு கல் எட்டு அங்குல உயரம், இடையில் சாந்து. அதனால் மதிலைக் கண்டால் எனக்கு அடிக் கணக்கு வராது, வரிக் கணக்குத்தான் வரும். இரண்டு வரி நித்திரையிலும் ஏறுவேன். மூன்று வரி நல்ல நாளில். நான்கு வரி இதுவரை ஏழு தரம். எட்டு என்று நண்பன் சொல்வான். அதில் ஒன்றில் கால் பட்டது, அவன் பார்க்கவில்லை.

3 மார்ச்

சைக்கிள் எப்படிக் கிடைத்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீட்டில் கிடந்த பழைய மவுண்டன் சைக்கிள். அதன் சீற் குழாயை வாளால் அறுத்தேன். அப்பா அன்று என்னோடு கதைக்கவில்லை. நான்கு மாதத்தில் ஹாண்டில் கழுத்தடியில் வெடித்தது. அது சைக்கிளின் குற்றமில்லை. மரக்கறி மூட்டை ஏற்றுகிற சைக்கிளை மதிலிலிருந்து குதிக்க வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஒட்டுக்காரர் மூன்று தரம் ஒட்டித் தந்தார். நான்காம் தரம், "தம்பி, இனி இதை ஒட்டினால் எனக்குப் பாவம்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு பாரிஸ் மாமா. அங்கே யாரோ ஒரு பையன் விற்ற 20 அங்குலச் சில்லு ரயல்ஸ் சைக்கிளை வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பினார். அனுப்ப முதல் கோல் எடுத்தார், குரலில் கவலை. "தம்பி, அவன் ஏமாத்திப்போட்டான். சீற்றைக் கழட்டி வைச்சுக்கொண்டுதான் வித்திருக்கிறான். நான் இங்கை ஒண்டு வாங்கிப் போட்டு விடட்டோ?" போட்டும் விட்டார். அந்தச் சீற் இப்போது அப்பாவின் சைக்கிளில் இருக்கிறது. சுகமாக இருக்கிறதாம்.

17 மார்ச்

கருவி பற்றிக் கொஞ்சம். சைக்கிள் கடைக்காரருக்கே இது புதிராக இருக்கும்.

பெடலை நிறுத்தினாலும் சில்லைச் சுற்ற விடுகிற பிறீவீல், சாதாரண சைக்கிளில் பின்சில்லில் இருக்கும். ரயல்ஸ் சைக்கிளில் அது முன்னால், பெடல் தண்டில். பின்சில்லுப் பல் அசையாமல் பூட்டியிருக்கும். எனக்கு முன்னால் 18 பல், பின்னால் 12. வேகமாக ஓட முடியாது. கடைக்குப் பால்மா வாங்கப் போனால் பக்கத்து வீட்டு ஆச்சி நடந்து முந்திவிடுவார். ஆனால் கால் அரை அங்குலம் அசைந்தாலே சில்லு பிடிக்கும். வழக்கமான பிறீவீலில் பல் கடிக்க முதல் பெடல் சும்மா கொஞ்சம் சுற்றும். மதில் விளிம்பில் பின்சில்லில் நிற்கும்போது அந்தக் கொஞ்சத்தில்தான் விழுவது.

பிரேக், எண்ணெய் அழுத்தத்தில் றிம்மைப் பிடிக்கிற வகை, மகுரா கம்பனியுடையது. றிம்மின் ஓரத்தைக் கிறைண்டர் பிடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். புது றிம்மை இப்படிச் செய்வதைக் கண்டு கடை முதலாளி தலையில் கை வைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு விரலால் தொட்டால் சில்லு சிலை மாதிரி நிற்கும். சத்தம்தான் கழுதை கத்துகிற மாதிரி.

அந்த எண்ணெய் இங்கே கிடைக்காது. நான் தண்ணீர் விடுகிறேன். சும்மா சொல்லவில்லை, வெளிநாட்டிலும் ரயல்ஸ்காரர் பலர் தண்ணீர்தான் விடுகிறார்கள். எண்ணெயைவிட லேசாக ஓடும், லீவர் கெதியாய் வேலை செய்யும். கிணற்றுத் தண்ணீரே போதும்.

21 ஏப்ரல்

கிணற்றுத் தண்ணீர் போதும் என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். லீவர் இறுகிப்போய் நேற்றுக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. நம்முடைய ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கேத்திலின் அடியில் படிகிற அதே சாமான். பற்றரிக்கு விடுகிற தண்ணீரை விடுங்கள். யாராவது ஏற்கெனவே கிணற்றுத் தண்ணீர் விட்டிருந்தால் மன்னிக்கவும்.

எதைப் பார்த்து ஆசை வந்தது என்று கேட்டவருக்கு: எல்லாரையும் போல டனி மக்கஸ்கில். ஸ்கொட்லாந்தில் ஸ்கை தீவுக்காரர், அப்போது எடின்பரோவில் சைக்கிள் கடையில் மெக்கானிக். ஈட்டி முனை வைத்த இரும்பு வேலியின் மேலே சைக்கிள் ஓடுகிற அந்த வீடியோ 2009 ஏப்ரலில் வெளிவந்தது. அந்த ஏப்ரலில் நாங்கள் என்ன நிலையில் இருந்தோம் என்று இங்கே எழுதத் தேவையில்லை. நான் பார்த்தது 2013இல், ரியூசனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நெற் கஃபேயில்.

22 ஏப்ரல்

ஒருவர் திருத்தியிருக்கிறார்: மக்கஸ்கிலின் சைக்கிளில் சீற் இருக்கிறது. சரிதான். அவர் ஓடுவது தெரு ரயல்ஸ், 24 அங்குலச் சில்லு, சின்னதாய் ஒரு சீற் உண்டு. போட்டிச் சைக்கிளில்தான் இல்லை. இதை தயவுசெய்து என் அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம்.

5 மே

கோட்டையில் ஓடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேண்டாம்.

போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஐங்கோணமாகப் பெருப்பித்த சுவர். சண்டையில் அடிபட்டு, பிறகு திருத்தியது. பாதுகாக்கப்பட்ட சின்னம், பிடித்தால் வழக்கு. பெரியம்மாவின் அர்ச்சனைக்கு அப்போதுதான் வேலை வரும். சட்டத்தை விடுங்கள். அது முருகைக்கல். பார்க்க உறுதி, பின்சில்லு ஒரு தரம் இறங்கினால் விளிம்பு மாவாய் உதிரும். நான் பதினெட்டு வயதில் ஒரே ஒரு தரம் செய்தேன். காவலாளி கத்திக்கொண்டு வந்தார், ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரயர்க் கட்டைகளுக்கு நடுவே வெள்ளைப் பொடி. துடைக்கும்போது என்னவோ போல இருந்தது.

அதற்குப் பதிலாகத் தெருச் சரிவில் அசையாமல் நிற்கப் பழகுங்கள். முன்சில்லை மேட்டுப் பக்கம் திருப்பி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, சில்லு பின்னுக்கு உருளப் பார்ப்பதைக் காலால் மெல்லத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். கண் தூரத்தில் இருக்கட்டும்; சில்லைப் பார்த்தால் விழுவீர்கள். எனக்கு ஒரு நிமிடம் நிற்க மூன்று மாதம் எடுத்தது. நன்மை ஒன்று உண்டு. ஓடுகிற சைக்கிளைத்தான் ஒழுங்கை நாய்கள் துரத்தும். அசையாமல் நின்றால் அவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒன்று என் முன்னால் குந்திக்கொண்டு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது.

9 யூன்

பெப்ரவரி 11 குறிப்பில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஒருவரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று எழுதினேன்.

போன ஞாயிறு வழக்கமான வீட்டில்தான் நின்றேன். கூரை இல்லை, ஒரு சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று. பின்பக்கம் சிவப்புச் சீமெந்து பூசிய இரண்டு படி. மூன்று வருடமாக அந்தப் படியில்தான் பக்கவாட்டுத் துள்ளல் பழகுகிறேன். முதல் படியின் விளிம்பில் என் ரயரின் கறுப்புக் கோடுகள் அடுக்கடுக்காய் இருக்கும். எந்த இடத்தில் இறங்கினால் வழுக்கும், எங்கே பூச்சு பெயர்ந்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, அவருடைய மருமகன், அவர் கையில் அளவு நாடா. அம்மா என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"சீற் எங்கை தம்பி?"

சத்தியமாக. முதல் கேள்வி அதுதான்.

பிறகு, "இது எங்கடை குசினி" என்றார். 1990இல் வெளிக்கிட்டவர்களாம். நான் ஏறி நிற்கிற படியைக் காட்டி, அதில்தான் அரிவாளோடு குந்தி மீன் வெட்டுவது, அந்த மூலையில் அம்மி, இந்தப் பக்கம் தண்ணீர்க் குடம் என்று கையாலேயே வைத்து வைத்துக் காட்டினார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் கோடுகளை நான் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவரும் கண்டுவிட்டார். குனிந்து விரலால் ஒன்றைத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை. "இதிலை என்ன செய்யிறனி? ஏறிக் காட்டு பாப்பம்."

இரண்டு படி. மூன்று வருடம் ஏறிய படி. நித்திரையிலும் ஏறுவேன் என்று எழுதியவன். கால் ஊன்றிவிட்டேன்.

"பறவாயில்லை," என்றார் மருமகன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

16 யூன்

இதற்குப் போய் இவ்வளவு வருந்துவதா, உடைந்த வீடுதானே, நீ ஓடாவிட்டால் ஆடு ஏறியிருக்கும் என்று இரண்டு பேர். ஆட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் புள்ளடி போட்டு யாரோ பெயின்றால் எழுதிய எழுத்தைப் பார்த்தும் அது யாரோ ஒருவருடையது என்று யோசிக்காமல் மூன்று வருடம் ஓடியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் படி மாதிரி ஒரு படி வேறெங்கும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டும் உண்மை, என்ன செய்வது?

அதைவிட முக்கியமான ஒன்றை முதல் குறிப்பிலேயே எழுதாதது பெரிய பிழை. விடுபட்ட காணிகளில் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றித் துப்புரவு செய்து முடிந்த இடமா என்று தெரியாமல் கால் வைக்கக் கூடாது. என் சொல்லைக் கேட்டு யாரும் அந்தப் பக்கம் இடம் தேடிப் போகவும் வேண்டாம்.

நான் இப்போது கடைக்குப் பின்னால், விற்காத உடைசல் கல்லை அடுக்கிப் பழகுகிறேன். முதலாளியைக் கேட்டுவிட்டுத்தான்.

18 ஓகஸ்ட்

நல்லூர்த் திருவிழா. பின்னேரம் முழுக்க வீதி அடைப்பு, ஓட்டம் இல்லை. ஆகவே கதை.

பெண்பிள்ளை பழகலாமா என்று ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். ஏன் முடியாது? காலையில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் போய் நின்று பாருங்கள், சைக்கிளில் வருகிற பிள்ளைகளில் எத்தனை பெட்டைகள் என்று. உலகப் போட்டியிலும் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒன்று மட்டும்: பெடலில் பல் இருக்கும், கெண்டைக்கால் கிழியும். என் இரண்டு காலும் மீன் செதில் மாதிரி. காலுக்குக் கவசம் வாங்கிக் கொடுங்கள், தலைக்கவசமும். என் இடது மணிக்கட்டு 2018இல் முறிந்தது, மழைக்கு முதல் நாள் இன்னும் சொல்லும். அம்மா முறிவு நெரிவு வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் போட்டார். எது சுகப்படுத்தியது என்பதில் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு ஒரு றலி சைக்கிள். பெற்றோல் வராத 90களில் அந்தச் சைக்கிள்தான் வீட்டின் வாகனம். பற்றரியும் தடை, ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி வாசிக்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்குமாம். 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கரியரில் அப்பம்மா, ஹாண்டில் இரண்டு பக்கமும் பை, செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் வரை விடிய விடிய உருட்டியிருக்கிறார். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, ஊர் முழுக்கப் பழைய சைக்கிளைத் தூசு தட்டியபோது அவர் மட்டும் ஒன்றும் மாறாமல் அதே றலியில் போய் வந்தார்.

நான் முற்றத்தில் அசையாமல் நிற்பதை ஒரு நாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் ஒவ்வொரு காவல் சென்றியிலும் இறங்கி உருட்டினனாங்கள். நீ இறங்காமல் நிக்கிறதை விளையாட்டாக்கி வைச்சிருக்கிறாய்."

திட்டினாரா, மெச்சினாரா தெரியாது. கேட்கவும் இல்லை.

28 நவம்பர்

மழை. ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். சைக்கிளைக் கட்டிலுக்கு மேலே ஏற்றிவிட்டேன், நான் கீழே பாயில். சொரசொரப்பாக்கிய றிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது, எழுத வேறொன்றும் இல்லை.

1 டிசம்பர்

பாய் நனைந்துவிட்டது.

22 டிசம்பர்

பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. நத்தாருக்கு, பொங்கலுக்குப் பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிறவர்கள் யாராவது இரண்டு சோடி கொண்டுவர முடிந்தால் சொல்லுங்கள், காசு கையில் தருவேன். பாரிஸ் மாமாவிடம் கேட்கலாம்தான். போன முறை சப்பாத்துக்குப் பூசுகிற கட்டை வந்தது.

இன்னொன்று. அந்த அம்மா நேற்றுக் கடைக்கு வந்தார். காசு எண்ணிக்கொண்டிருந்தவன் நிமிர முதலே, "சீற் இல்லாத தம்பி" என்று குரல். வீடு கட்டத் தொடங்கிவிட்டார்களாம். பழைய சுவரை உடைத்து அத்திவாரத்துக்குள் போட்டு நிரப்பியாயிற்று. படியும் அதோடு போய்விட்டதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, அவரே சொன்னார்: "படியையும் உடைச்சுப் போட்டம். கறை போகேல்லை."

முன்மதிலுக்கு எண்ணூறு கல் எழுதினார். மேசன் ஐந்து வரி போதும் என்கிறாராம், மருமகனும் அதேயாம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரசீதைத் திருப்பித் தந்தார்.

"ஆறு வரிக்குக் கணக்குப் பாத்துப் போடு."

ஆறு வரி என்றால் நாலே கால் அடி. ஐந்து வரியே நான் இன்னும் ஏறியதில்லை.